விருந்துக்கு வராதவர்

கனடாவின் கிழக்குக் கரையில் மீக்மாக் மக்களின் ஊர் ஒன்று. தங்கள் பழைய சட்டத்தில் ஒரு சந்தேகம் என்றால் ஊரில் எல்லோரும் மாலியிடம்தான் போவார்கள். நாற்பது வயதுக்கு மேல் சபாதிஸும் அவளிடம் பாடம் கேட்க உட்கார்ந்தான்.

ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, மீன்வளத் துறைக்காரங்க என் படகைப் பிடிச்சுட்டாங்க. சிங்கி இறால் பிடிக்க அனுமதி வாங்கலையாம். 'அனுமதி தாருங்கள்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா இன்னைக்கே விட்டுடுவாங்களாம். போடவா?"

"நம்ம முன்னோர் வெள்ளைக்காரங்களோட செஞ்ச ஒப்பந்தம் என்ன சொல்லுது?"

"அவங்க இங்கே குடியிருக்கலாம். நாம எப்பவும்போல மீன் பிடிக்கலாம். வருஷா வருஷம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டு, அதே வாக்கை மறுபடி சொல்லிக்கணும்."

"கடைசியா எப்போ சாப்பிட்டாங்க?"

சபாதிஸ் சிரித்துவிட்டான். வெள்ளைக்காரர்கள் அந்த விருந்துக்கு வருவதை நிறுத்திப் பல தலைமுறை ஆகிவிட்டது. மறப்பது அவர்களுக்கு எப்போதுமே வசதி.

மாலி புகையில் வாட்டிய விலாங்கைத் துணியில் சுற்றினாள்.

"வா" என்றாள்.

மீன்வளத் துறை அலுவலகத்தில் அதிகாரி படிவத்தையும் பேனாவையும் சபாதிஸ் பக்கம் தள்ளினார். மாலி அதே மேசையில் துணியை விரித்தாள்.

"என்னம்மா இது?"

"விருந்து. நீங்க வரலை, நாங்க வந்துட்டோம். ஒரு துண்டு எடுத்துக்குங்க. உங்க வாக்கை நீங்க சொல்லுங்க, எங்க வாக்கை நாங்க சொல்றோம்."

"நாறுது, எடுங்க."

"உங்க தாத்தாவுக்குத் தாத்தா விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாராம்."

அதிகாரியின் முகம் சிவந்தது. மீனைத் தள்ளிவிட்டார்.

"அந்த ஒப்பந்தமெல்லாம் எப்பவோ முறிஞ்சு போச்சு. ஏம்ப்பா, உனக்குப் படகு வேணுமா, வேண்டாமா?"

சபாதிஸ் பேனாவை எடுத்தான். இறால் பருவம் முடியப்போகிறது. இப்போது கடலுக்குப் போகாவிட்டால் பனிக்காலம் முழுக்க வீட்டில் உலை கொதிக்காது.

"அவரே முறிஞ்சு போச்சுங்கிறார் அக்கா. இனி நான் கையெழுத்துப் போட்டா என்ன?"

மாலி ஒரு துண்டு மீனை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"முறிக்க ரெண்டு கை வேணும் தம்பி. இவர்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணுக்குத்தான் உன்கிட்ட பேனாவைக் கொடுத்திருக்கார்."

சபாதிஸ் பேனாவைக் கீழே வைத்தான். நாளைக்கு யாரிடம் படகு இரவல் கேட்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினான்.