பத்தாவது பாட்டு

"செத்துப்போனவ வாசிச்ச தாளத்துக்கு நான் எப்படிப் பாடறது, மாஸ்டர்?" என்று நிமலன் கேட்டான்.

ஒலிப்பதிவாளர் தாஹிரா அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் பாட வருகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

நிமலனுடையது டான்ஸ்-பங்க் குழு. கத்துகிற கித்தார், யாரையும் சும்மா நிற்கவிடாத டிரம்ஸ். இது அவர்களுடைய முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு முடிந்திருந்தது. பத்தாவதுக்கு டிரம்ஸ் வாசித்துவிட்டுப் போன ரோஸ்லின், மறுவாரம் டெங்குவில் இறந்துபோனாள்.

குரல் மட்டும் பாக்கி.

"பாடுங்க" என்றாள் தாஹிரா.

பாடினான். பல்லவியிலேயே குரல் உடைந்தது. பாடும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தாஹிராவோடு உட்கார்ந்திருந்த கித்தார்காரன் பிலவேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது வேணாம்" என்றாள் தாஹிரா. "மறுபடியும்."

இந்த முறை அழாமல், அடங்கிய குரலில், ஜெபம் சொல்வதுபோல் பாடினான்.

"இதுவும் வேணாம்."

நிமலன் வெளியே வந்துவிட்டான்.

"டிரம்ஸை எடுத்துடலாம், மாஸ்டர். குரலும் கித்தாரும் போதும். ரோஸ்லினுக்கு அஞ்சலியா இருக்கட்டும். கேக்கறவங்க அழுதுடுவாங்க."

"அழுவாங்க" என்றாள் தாஹிரா.

கித்தார் பதிவை அணைத்தாள். ரோஸ்லின் வாசித்த அன்றைய பதிவை, வெட்டாமல், தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள்.

முதலில் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு இருமல். பிறகு ரோஸ்லினின் குரல்.

"நிமலன் எங்க? டீ குடிக்கப் போயிட்டானா? சரி, வர்றதுக்குள்ள முடிச்சிடறேன். வந்தா அங்க மாத்து இங்க மாத்துன்னு உயிர வாங்குவான்."

எண்ணிக்கை சொல்லிவிட்டு டிரம்ஸை ஆரம்பித்தாள். பிலவேந்திரன் எழுந்து வெளியே போனான்.

நிமலன் நின்றபடியே கேட்டான். சரணத்துக்கு நடுவில் ஒரு அடி தவறியது. ரோஸ்லின் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாளத்தைப் பிடித்துவிட்டாள்.

"நிறுத்துங்க" என்றான்.

தாஹிரா நிறுத்தினாள்.

"எப்படிச் சிரிக்கிறா பாருங்க. அடுத்த வாரமே..."



"அது அவங்களுக்குத் தெரியாது, நிமலன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு தடவை பாடினப்பவும் நீங்க அதைத்தான் அவங்ககிட்ட சொல்லிட்டிருந்தீங்க."

நிமலன் உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். முகத்தைச் சட்டையில் துடைத்தான். கண்ணாடி வழியாகத் தலையசைத்தான்.

காதுக்குள் ரோஸ்லின் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.