ஊரிலுள்ள தம்பிமார்

தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு சின்ன மடத்தைச் சதானந்த சாமி நடத்தி வந்தார். பொறுமைசாலி என்று அவருக்குப் பெயர். ஆவுடையப்பர் சீடராக வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்றுவது பெரும்பாடாகிவிட்டது.

ஆவுடையப்பர் குருவைவிட மூத்தவர். மனைவி இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். வாயைத் திறந்தால் உலகத்துக்கே தீர்ப்புச் சொல்வார். ஒருநாள் ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. மடத்துச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்றார். சமையல்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்னொரு நாள், அவர் தெரியாமல் வாலை மிதித்ததில் மடத்து நாய் உறுமிவிட்டது. நாய்களுக்கு நன்றி கிடையாது என்று அறிவித்தார். அன்று மாலையே அந்த நாய் அவர் காலடியில் சுருண்டு படுத்துத் தூங்கியது.

சாமியும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒருநாள் காலை இருவரும் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பரின் தம்பி வெளிவாசலில் வந்து நிற்பதாகச் சமையல்காரர் சொன்னார். அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட வந்திருக்கிறாராம். பார்க்காமல் திருப்பி அனுப்பினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாராம்.

ஆவுடையப்பர் தலையை நிமிர்த்தவில்லை.

“சாமி, பந்தத்தை முழுசா அறுக்க என்ன வழி?”

“எதுக்கு அறுக்கணும்?”

“தம்பிமாரு கல்நெஞ்சுக்காரனுவ. சாவுக்குக்கூட வரமாட்டானுவ.”

சாமி கையிலிருந்த புளியைச் சுளகில் போட்டார். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

“உமக்கு எத்தனை தம்பி?”

“ஒருத்தன்.”

“எத்தனை சாவுக்கு வரல?”

“ஒரு சாவுக்கு.”

“பின்னே எதுக்குவே ஊர்த் தம்பிமாரை எல்லாம் இழுக்கீரு? அந்த ஒருத்தனைச் சொல்லும். நடந்ததை மட்டும் சொல்லும்.”

இதென்ன பெரிய காரியம் என்பதுபோல ஆவுடையப்பர் தொண்டையைக் கனைத்தார். “என் தம்பி” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. உலகத்தையே திட்டும்போதெல்லாம் கணீரென்று இருந்த குரல் இப்போது நடுங்கியது.

“என் தம்பி, என் பெஞ்சாதி சாவுக்கு வரல.”

ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டுப் புளிக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். கண் எரிந்தது. சாமிக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எரிச்சல் தீரவில்லை.

“ஏன் வரலைன்னு கேட்டீரா?”

“கேக்கல.” ஆவுடையப்பர் அடுத்த புளியை எடுத்துக்கொண்டே மறுபடியும் தொடங்கினார். “கேட்டா மட்டும் என்ன சாமி? தம்பிமாருக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது?”

சாமி எழுந்து அவர் முன்னால் இருந்த சுளகைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஊர்ல உள்ள தம்பிமாரை எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீரு உம்ம தம்பியைப் போய்ப் பாரும்.”