மேன்டில்

“அம்மா, மகள் கல்யாணத்துக்கு நான் போகல்ல.”

சொன்னவர் தாணுமாலயன். நாகர்கோவிலில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியைப் பறிகொடுத்த பிறகு மடத்துக்கு வந்து, தன்னைவிட வயதில் இளைய தவமணி அம்மாவைக் குரு என்று வரித்துக்கொண்டார். ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழையில் கரண்ட் போயிருந்தது. அம்மா பெட்ரோமாக்ஸ் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க மக பகவதி உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு வாசல்ல நிக்கா சார்.”

“தாரை வார்க்க அவ மாமன் இருக்கான். எனக்குள்ள எல்லாம் எரிஞ்சு போச்சு. மங்கல காரியத்துல சாம்பலுக்கு என்ன வேலை?”

“இந்த மேன்டிலைக் கட்டுங்க.”

அந்தச் சின்ன வலைத்துணிப் பையை விளக்கின் குழாய் நுனியில் கட்டினார். அம்மா ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார்.

“தள்ளி நில்லுங்க,” என்றார் தாணுமாலயன். வேலையை விட்டாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? “அதுல தோரியம் இருக்கு. நம்ம கடற்கரை மணல்ல உள்ளதுதான். கதிர் வீசுற உலோகம். புகை மூச்சுக்கு ஆகாது.”

அம்மா நல்ல மாணவியாகத் தள்ளி நின்றார்.

மேன்டில் தீப்பிடித்தது. கறுத்தது, சுருங்கியது, பிறகு வெளுத்தது.

“துணி போச்சே சார்.”

“துணி போகும். தோரியம் ஆக்சைடாகி நிக்கும். இப்ப அது வெறும் சாம்பல்தான்.”

அம்மா பம்ப் அடித்தார். குப்பென்று வெளிச்சம் வந்தது. மழை நின்றிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

“சாம்பல்னு சொன்னீங்களே. இவ்வளவு சூட்டுல அது ஏன் எரியல்ல?”

“எப்படி எரியும்? எரிய வேண்டியதெல்லாம் முன்னமே எரிஞ்சு...”

நிறுத்திவிட்டார். பாவம், கண் நிறைந்துவிட்டது.



“தொட்டா பொடிஞ்சிரும் அம்மா,” என்றார் மெல்ல. “பந்தல்ல யாராவது ஒருத்தர் போய்ச் சேர்ந்தவ பேரைச் சொன்னாப் போதும். எல்லார் முன்னாலயும் உடைஞ்சிருவேன். எனக்கு அதான் பயம்.”

“சரி. இந்த மேன்டிலைச் சுத்திக் கண்ணாடி எதுக்கு?”

“காத்து பட்டு உதிராம இருக்க.”

அம்மா வாசலைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

பகவதி நனைந்த குடையை மடக்காமல் நின்றாள். இறந்துபோன தாயின் மூக்குத்தியைப் போட்டிருந்தாள்.

தாணுமாலயன் குனிந்து செருப்பைத் தேடினார்.