இதுதான் கடைசி

ஈரோட்டில் ஒரு குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு ரெஹானா, கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து தருபவள். சீடர் நாச்சிமுத்து, கல்யாணங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுபவர். ஈரோடு, பவானி, கோபி என்று மூன்று கடைகள். சாமானெல்லாம் ஈரோட்டுக் குடோனில்.

வைகாசி முகூர்த்தத்தில் அவர் மானம் கப்பலேறியது. ஒரே அறுநூறு நாற்காலியை, ஒரே நாளில், கோபிக் கடை ஒரு கல்யாணத்துக்கும் பவானிக் கடை இன்னொன்றுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டன. அந்தியூர் மணியக்காரர் வீட்டுச் சம்பந்திகள் நின்றுகொண்டே தாலி கட்டுவதைப் பார்த்தார்கள்.

அதே வீட்டில் ஆவணியில் இளைய பெண்ணுக்குக் கல்யாணம். "இன்னொருக்கா நம்பறோம்" என்று சொல்லியனுப்பினார் மணியக்காரர். வைதிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது நாச்சிமுத்துவுக்கு.

"எங்க தப்புன்னே தெரியலீங்க குருவே" என்றார். அந்தக் 'குருவே'யில் பாதி கிண்டல், பாதி நிஜம். "மூணு கடைக்கும் சாமான் பட்டியலப் பென்டிரைவ்ல போட்டுத்தான் குடுத்திருக்கேன். ஆர்டர் வந்தா அவங்கவங்க அதுல எழுதிக்குவாங்க."

ரெஹானா அதைத் திறந்து பார்த்தாள். மூன்று பட்டியல்கள் இருந்தன. 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி'.

"இதுல எதுங்ணா கடைசி?"

"அது எந்தக் கடையில கேக்கறீங்கங்கறதப் பொறுத்துங்க."

அவள் சிரிக்கவில்லை. குடோனைப் பார்த்துக்கொள்ளும் மருதாயியிடம் அவரையே சொல்லவைத்து, சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் மூன்று புதுச் சாவிகளோடு திரும்பி வந்தாள்.

"கடைக்கு ஒண்ணு வெச்சுக்கங்க. யாருக்கு எப்ப வேணுமோ, தொறந்து எடுத்துக்கட்டும்."

நாச்சிமுத்து பதறிப்போனார். "ஏனுங்க அம்மணி, விளையாடறீங்களா? ஆளாளுக்குத் தொறந்தா குடோன் என்னத்துக்காகும்? சாவி மருதாயிகிட்ட மட்டுந்தான். எந்தக் கடை கேட்டாலும் அவ பாத்து, இருந்தா குடுப்பா. இல்லீன்னா இல்லைம்பா. நானே போனாலும் உள்ள விடமாட்டா!"

"சரிங்ணா." அவள் சாவிகளை மேசைமேல் வைத்தாள். "அப்பறம் பட்டியலுக்கு மட்டும் எதுக்கு மூணு சாவி?"

நாச்சிமுத்து மூன்று சாவிகளையும் டிராயரில் போட்டுப் பூட்டினார்.

பத்து நாளில் வேலை முடிந்தது. மூன்று கடைகளிலும் அவள் எந்தப் புரோகிராமையும் ஏற்றவில்லை. செல்போனில் ஒரு முகவரியைத் தட்டினால் திரை வந்தது. திரைக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். அந்தக் கேள்வி எங்கோ ஓடும் சர்வர் என்ற ஒரே கம்ப்யூட்டருக்குப் போகும். இருக்கும் ஒரே பட்டியலைத் தொடும் உரிமை அதற்கு மட்டுமே. அது பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லும். நாச்சிமுத்து அந்தச் சர்வருக்கு மருதாயி என்றே பெயர் வைத்துவிட்டார். நிஜ மருதாயிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் ஜமக்காளமும் பட்டியலில் வேண்டும் என்றார் நாச்சிமுத்து. "இதுக்கு மூணு ஊருக்கும் பஸ் ஏறோணுங்களே?"

"டீ குடிங்கண்ணா" என்றாள். அவர் குடித்து முடிப்பதற்குள் மூன்று கடைகளிலும் ஜமக்காளம் வந்திருந்தது.

ஆனிக் கடைசியில் பவானிக் கடையைப் பார்த்துக்கொள்ளும் சின்னராசு போன் செய்தான். குரலில் எரிச்சல். "அண்ணா, ஆவணி பத்துக்கு அறுநூறு நாற்காலி போட்டா இல்லீங்குது. மணியக்காரர் வீட்டுக்குன்னு கோபியில ரெண்டு நிமிஷம் முந்தித்தான் எழுதினாங்களாம்."

நாச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டார். "நீ என்ன சொன்ன?"

"வந்தவங்ககிட்ட இல்லீன்னுட்டேன்."

கைநழுவிய ஆர்டருக்காக ஒரு வியாபாரி அப்படித் துள்ளிக் குதித்து ஈரோடு பார்த்திருக்காது. கடை முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

ஆவணி பத்து. அறுநூறு நாற்காலியிலும் ஆள். மணியக்காரரே வந்து நாச்சிமுத்துவின் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் அட்சதையோடு குரு உட்கார்ந்திருந்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது. அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"குருவே, இப்பச் சொல்லுங்க. பட்டியல்ல எது கடைசி?"

ரெஹானா அட்சதையைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கடைசின்னு ஒண்ணு இல்லீங்ணா. ஒண்ணுதான் இருக்குது."