மைனருக்கு வீடு பார்த்தோம்

சென்னையில் அறிவாளிகள் குடியிருக்கும் பகுதிகள் நிறைய உண்டு. அங்கெல்லாம் நாங்கள் வீடு கேட்டுப் போனோம்.

நாங்கள் என்றால் நான், என் பெரியப்பா மகன் செவுகன், அவன் கூட்டாளி பொன்னுரங்கம். மூவரில் நான்தான் விவரமானவன் என்று மற்ற இருவரும் சொல்வார்கள். அதை வைத்தே அவர்களை எடை போட்டுக்கொள்ளலாம். நாலாவது ஆள் மைனர். ஐந்து வயது, செவலை நாய்.

குரோம்பேட்டையில் குடியிருந்தபோது வீட்டுக்காரர் ஒருநாள் மாடியேறி வந்தார்.

"நாயா, வீடா? இன்னிக்கே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

மைனரைச் சுற்றி வந்து நன்றாகப் பார்த்தோம்.

"நாய்தான் சார்" என்றான் செவுகன்.

உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டார். சரியான பதிலுக்கு ஏன் கோபம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

போன இடமெல்லாம் மைனரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார் ஒரு புரோக்கர். அன்று பொன்னுரங்கம் சாப்பிடவில்லை. அவன் பங்கையும் மைனர் சாப்பிட்டான்.

கடைசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை, சுற்றிலும் மதில், வாசலில் செக்யூரிட்டி, பெரிய அடுக்குமாடி. 'நாய் வளர்க்கலாம்' என்று போட்டிருந்தது.

"வளர்க்கலாம்னுதானே போட்டிருக்கு. மைனர் வளர்ந்து முடிச்சாச்சே" என்றான் செவுகன்.

"இன்னும் கொஞ்சம் வளர மாட்டானா?" என்று கேட்டேன்.

பொன்னுரங்கம் அவனைச் சுவரோரம் நிறுத்தி, பழைய பென்சில் கோட்டோடு ஒப்பிட்டான். "இல்லடா. போன வருஷம் இருந்த அதே உயரம்."

பொய் சொல்லி வீடு பிடிப்பதில்லை என்று முடிவெடுத்துப் போனோம். வீட்டுச் சாவி அசோசியேஷன் செக்ரட்டரி ஹேமாவதி மேடத்திடம் இருந்தது.

"நாய் வளர்க்கிறீங்களா?"

"வளர்த்தோம் மேடம். எல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சுது" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா, ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே."

"ஆமா மேடம். தினமும் முட்டை வாங்க வேண்டியிருந்துச்சு."

"மனசைத் தேத்திக்குங்க. இப்போ எங்கே..." என்று தயங்கினார்.

"கீழே ஆட்டோல உட்கார்ந்திருக்கான்."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நாய் குரைக்கிறது பக்கத்து வீட்டுக்குக் கேட்கவே கூடாது. கேட்டா நாயை அனுப்பிடுவோம்."

குடிவந்த மறுநாள் காலை குக்கர் விசிலடித்தது. மைனர் குரைத்தான். மூவரும் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினோம்.

"அவன் சத்தம் கேட்கக் கூடாதுன்னா, நம்ம சத்தம் அதைவிடப் பெரிசா இருக்கணும்" என்றான் பொன்னுரங்கம்.

அதிலிருந்து மைனர் வாயைத் திறந்தால் நாங்களும் திறந்தோம். நான் தாலாட்டுப் பாடினேன். செவுகனுக்குப் பாட்டு வராது, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகக் கத்தினான். பொன்னுரங்கம் பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயர்களைக் கூவினான். மைனர் பயந்துபோய் இன்னும் பலமாகக் குரைத்தான். நாங்களும் விடவில்லை.

ஒரு வாரத்தில் மேடம் வந்து நின்றார். பொன்னுரங்கம் மைனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நாயைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லல" என்றார் அவர். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. "புகாரெல்லாம் உங்க மூணு பேர் மேலதான். நாய் எவ்வளவு குரைச்சாலும் பரவாயில்லை. இனிமே உங்க குரல் வெளியே கேட்டா, நீங்க காலி பண்ணணும்."

அதற்கான வழிதான் எங்களுக்குத் தெரியுமே. இப்போதெல்லாம் மைனர் குரைக்கும்போது மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

இந்த நிமிஷம் அடுப்பில் என்னவோ கருகுகிறது. செவுகன் என்னைப் பார்க்கிறான். நான் பொன்னுரங்கத்தைப் பார்க்கிறேன். அவன் மைனரைக் காட்டுகிறான். மைனர் நன்றாகத் தூங்குகிறான். அவன் எழுந்திருக்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருக்கிறோம்.