ஹனா சொல்லாத பவுனம்மா

ஒரு சந்தையில ஒரு வாய் இருந்துச்சாம். அந்த வாய்க்குச் சொந்தக்காரி பேரு பவுனம்மா. எங்கடி 'ம்'? கதை என்ன சும்மாவா வருது? ஒரு வரிக்கு ஒரு 'ம்' குடு.

"ரெண்டு வரிக்கு ஒன்னு, அத்தே."

கொட்டாவி விட்டுக்கிட்டே பேரம் பேசுறா பாரு. சரி, ஒத்துக்கிட்டேன்.

அந்தப் பவுனம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல முள்ளங்கி வித்தா. பள்ளிக்கூடம் போனதில்ல. ஏமாந்து ஏமாந்தே தொழில் கத்துக்கிட்டவ. சரக்கை எண்ணும்போது "லாபம், ரெண்டு, மூணு"ன்னு எண்ணுவா. ஒன்னுங்கிற இடத்துல லாபம். நெல்லு அளக்கிறவங்க அப்படித்தானே எண்ணுவாங்க? ஆனா இவளுக்கு அது வழக்கம் மட்டுமில்ல, பயம். கடை போட்ட முதல் நாள் தெரியாத்தனமா "ஒன்னு"ன்னுட்டா. சாயங்காலம் சோன்னு மழை வந்து சரக்கையெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அதுலேர்ந்து அந்த வார்த்தைய வாயில வச்சு எண்ண ஆரம்பிச்சதே இல்ல.

"ம்."

அப்புறம் அங்க ஒரு கொரியாக்கார அம்மா வந்தாங்க. பேரு ஓக்சுன். கார் கம்பெனியில வேலை செய்யிற அவங்க ஊரு ஆளுங்களுக்குச் சமைச்சுப் போடுறவங்க. ஊறுகா போட முள்ளங்கி வாங்குவாங்க. பவுனம்மா "லாபம்"னு ஒன்னைக் கூடையில போட்டா, ஓக்சுன் விரலை நீட்டி, "ஒன்னு எங்க?"ம்பாங்க.

"அதான் லாபம்!"

"லாபம் சரி. ஒன்னு எங்க?"

தினம் சண்டை. நங்கு நங்குன்னு முள்ளங்கிய வைப்பா பவுனம்மா. கடைசியில, "உன் பாஷையிலயே எண்ணுறேன், சொல்லுடி"ன்னுட்டா.

அப்போ ஓக்சுன் முள்ளங்கிய வரிசையா வச்சு, "ஹனா, தூல், செட், நெட்"னு சொல்லிக் குடுத்தாங்க. ஹனான்னா ஒன்னு. பவுனம்மா கப்புன்னு பிடிச்சுக்கிட்டா. ஆனா எப்படி எண்ணினா தெரியுமா?

"எப்படி?"

"லாபம், தூல், செட், நெட்!"

"ஹனா!"ன்னாங்க ஓக்சுன்.

"உங்க ஊர்ல ஹனா. என் கடையில லாபம். போடி!"

இந்தச் சண்டை சந்தைக்கே மனப்பாடம். சிரிச்சது போதும், கால நீட்டிப் படு.

அப்புறம் ஒரு நாள் சந்தை முழுக்கச் சேறு. மூட்டை ஏத்தின தள்ளுவண்டி கடகடகடன்னு சறுக்கி, தொபுக்குன்னு சாஞ்சுது. ஓக்சுன் கால் வண்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு.

"ஐயோ!"

ஆமாடி. குறுகலான சந்து. வண்டிக்கு இந்தப் பக்கம் நம்ம மூட்டைக்காரங்க. அந்தப் பக்கம் ஓக்சுன் கூட வந்த ரெண்டு கொரியாக்காரங்க. ரெண்டு பக்கமும் ஒன்னாத் தூக்கினாத்தான் கால் வெளியில வரும். மூட்டைக்காரர் சடையப்பன், "ஏய், தூக்கு!"ன்னாரு. இந்தப் பக்கம் மட்டும் எழும்பி, டமால்னு இறங்கிச்சு. அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கு என்ன புரியும்?

பவுனம்மா முந்தானைய இழுத்துச் சொருகினா. "தள்ளு, நான் எண்ணுறேன். லாபம்! தூல்! செட்!" அந்த ரெண்டு பேரும் லாபத்தைக் கேட்டு முழிச்சாங்க. தூலுக்குத்தான் குனிஞ்சாங்க. வண்டி ஒரு சாண் ஏறி, கோணிக்கிட்டு, திரும்ப விழுந்துச்சு. ஓக்சுனுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. "ஹனா... ஹனா..."ன்னு கெஞ்சினாங்க.

பவுனம்மாவுக்கோ, ஹனான்னாலும் அது ஒன்னுதானே. மறுபடியும் அந்த மழை வருமோன்னு பயம். சடையப்பன், "சொல்லித் தொலையேம்மா, கால் நசுங்குது!"ன்னு கத்துறாரு. பவுனம்மா கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.

"ம்... சொன்னாளா?"

"ஹனா!"ன்னா. சந்தையே அதிர்ந்துச்சு. "தூல்! செட்!" எல்லாரும் ஒரே மூச்சா, ஏய்ய்ய்... வண்டி மேல வந்துச்சு. சரக்குன்னு ஓக்சுன இழுத்துப் போட்டா. கால் வீங்கியிருந்துச்சு, ஆனா விரலெல்லாம் அசைஞ்சுது. பவுனம்மா அந்தக் கால மடியில வச்சுக்கிட்டு, "வண்டி வர்றப்போ வேடிக்கையாடி பாக்கிற?"ன்னு திட்டுறா, திட்டுறா, கண்ணுல தண்ணி கொட்டுது.

"அத்தே... அப்புறம் நஷ்டம் வந்துச்சா?"

வந்துச்சுடி. உங்கிட்ட எதுக்குப் பொய்? அந்தக் களேபரத்துல அவ கடைய மிதிச்சுத் துவைச்சுட்டாங்க. ஒரு முள்ளங்கி மிஞ்சல. சடையப்பன், "ஹனா சொன்னியே, பாத்தியா?"ன்னு கேட்டாரு. பவுனம்மா கூடையக் கவுத்துச் சேத்தத் தட்டினா. "போகட்டும்யா"ன்னா. பேரம் பேசியே வளர்ந்தவ, பிறந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் அந்த வார்த்தையச் சொன்னா. சொல்லிட்டு, ஓக்சுனக் கைத்தாங்கலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.

'ம்' எங்க?

கடன் வச்சுட்டுத் தூங்கிட்டாளா? சரி, போ. கதை கரை சேந்துது, நீ கண்ணசரு.