தராசில் ஏறிய கோழிக்குஞ்சுகள்

நாமக்கல் பக்கம் சென்னியப்பன் என்றொரு கோழிப்பண்ணை முதலாளி இருந்தார். அவருடைய சோளக் காட்டு நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்குப் பிடித்து, இரண்டு மக்காச்சோள ரகங்களை இனக்கலப்பு செய்து புது ரகம் ஒன்றை உண்டாக்கினாள் பாவாயி. அதில் சத்து அதிகம்; விளைச்சல்தான் கொஞ்சம் குறைவு.

அறுவடையன்று ஊரே களத்தில் கூடியிருந்தது. முதலாளி அவளுடைய மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவுதானா அம்மிணி? தராசுல என் சோளத்தை ஜெயிச்சுக் காட்டு. இல்லைன்னா காட்டை விட்டுக் கிளம்பு."

பாவாயி தன் மூட்டையிலிருந்து ஒரு பிடி சோளத்தை அள்ளினாள்.

"சரிங்க. சோளத்தைக் கோழிக்குப் போட்டு, கோழியை எடை போடலாமுங்களா?"

"எப்படி வேணும்னாலும் போடு!"

அவர் பண்ணையில் ஒரே நாளில் பொரிந்த குஞ்சுகளை இரண்டு கூண்டுகளில் சரிபாதியாக விட்டார்கள். ஒரு கூண்டுக்கு அவர் சோளம், மற்றதற்கு அவள் சோளம். அளவு ஒன்றுதான், வேறு தீனியே கிடையாது.

ஒரு மாதம் கழித்து, அதே களத்தில் ஊர் கூடியிருக்க, இரண்டு கூண்டுக் குஞ்சுகளையும் தராசில் ஏற்றினார்கள். அவர் சோளம் தின்றவை இறகு சிலிர்த்து நோஞ்சானாய் நின்றன. பாவாயியின் தட்டு தடாலென்று தரையைத் தொட்டது.

"உன் மூட்டை குறைச்சல்தானே?" என்று முனகினார் முதலாளி.

"ஏனுங்க, நீங்க சந்தையில விக்கறது மூட்டையா, கோழியா?"

களமே கொல்லென்று சிரித்தது. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"அந்த விதையையே போட்டுரலாம். அதுக்கு என் பண்ணைப் பேரை வெச்சுக்கலாம்."

"விதை தர்றனுங்க," என்றாள் அவள், தலை நிமிர்ந்து. "பேரு பாவாயிச் சோளமுங்க."